வெல்வெட் அந்தூரியம் கலப்பினம்: நாற்றா, திசு வளர்ப்புச் செடியா, தண்டுத் துண்டா?

ஒரே பெயர்ச்சீட்டுடன் நான்கு விதமான செடிகள் விற்பனைக்கு வருகின்றன. கட்டைவிரல் அகலத்தில் இரண்டு இலை விட்ட நாற்று. ஆய்வகக் குப்பியிலிருந்து அண்மையில் வெளியே வந்த திசு வளர்ப்புச் செடி. இலையே இல்லாமல் இரண்டு கணுக்களோடு இருக்கும் தண்டுத் துண்டு. முழங்கை நீளத்துக்கு இலை விரித்து நிற்கும் முதிர்ந்த செடி. வாங்க நினைப்பவர் முதலில் பார்ப்பது விலையையும் இலையின் அளவையும்தான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இன்னும் மூன்று ஆண்டுகள் கழித்து இந்தச் செடி விடப்போகும் இலை எப்படி இருக்கும் என்று இன்று யாருக்காவது தெரியுமா? நான்கு செடிகளும் இதற்கு நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன. அரிய கலப்பினம் வாங்கும் முடிவு பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

பூவுக்காக வளர்க்கும் சிவப்புப் பாளை அந்தூரியத்தைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. இலைக்காகவே வளர்க்கப்படும் இனங்களும் அவற்றின் கலப்புகளும்தான் பொருள். மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளின் நிழலில் வளரும் சில அந்தூரியங்களுக்கு இலையின் மேல்தோல் செல்கள் நுண்ணிய குவிவில்லைகளாகப் புடைத்திருக்கும். மரக்கூரையைத் தாண்டிக் கீழே வந்து சேரும் கொஞ்ச வெளிச்சத்தை உள்ளே திருப்பிவிட இந்த அமைப்பு உதவுகிறது. நம் கண்ணுக்கு அதுவே வெல்வெட்டாகத் தெரிகிறது. கொலம்பியாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் வளரும் கிரிஸ்டலினம், கொலம்பியாவின் மேக்னிஃபிகம், வாரோக்வியானம், பெருவின் ரீகேல், பனாமாவின் பாப்பிலிலாமினம் ஆகியவை இந்தக் கூட்டத்தின் முக்கிய முகங்கள். மேக்னிஃபிகத்துக்கு 1865இலும் கிரிஸ்டலினத்துக்கு 1873இலும் அறிவியல் பெயர் கிடைத்துவிட்டது. ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்கள் வெப்பமண்டலச் செடிகளுக்காகப் போட்டி போட்ட காலம் அது. பாப்பிலிலாமினத்தின் பெயர் வெளியானதோ 1986இல்தான்.

இனங்களே இவ்வளவு அழகாக இருக்கும்போது கலப்பினம் எதற்கு? முதல் காரணம் பிடிவாதம் குறைவது. வாரோக்வியானத்தின் நீண்டு தொங்கும் இலைக்கு ஈடு கிடையாது. ஆனால் காற்று சற்றே உலர்ந்தாலும் புதிய இலை சிதைந்து விரியும். சற்று எளிதாக வளரும் இன்னோர் இனத்தோடு அதைக் கலந்தால் பிறக்கும் பிள்ளைகள் பல நேரம் இரு பெற்றோரையும்விடத் தெம்பாக வளர்கின்றன. இரண்டாவது காரணம், இயற்கையில் ஒரே இலையில் சேராத குணங்கள் கலப்பில் சேர்கின்றன. பாப்பிலிலாமினத்தின் கருமைக்கு அருகே போகும் பச்சையையும் கிரிஸ்டலினத்தின் வெள்ளி நரம்பையும் ஒரே இலையில் பார்க்கக் கிடைப்பது கலப்பினத்தில் மட்டும்தான். ஃபோர்கெட்டியை என்ற இனத்தின் இலையில் காம்பு சேரும் இடத்தில் பிளவே இருக்காது. முழு நீர்த்துளி வடிவம். அதைக் கிரிஸ்டலினத்தோடு கலந்தால் பிளவு பாதி மூடிய, சில நேரம் முழுதும் மூடிய இலைகள் வருகின்றன. ஒரே விதைக்கதிரில் பிறந்த உடன்பிறப்புகளிடையே இந்தப் பிளவின் ஆழம் மாறிக்கொண்டே போவதைப் பார்ப்பது எனக்கு அலுக்காத விஷயம்.

இந்த மாறுபாடுதான் கலப்பினத்தின் கவர்ச்சி. வாங்குபவரின் ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

நாற்று

பெயர்ச்சீட்டில் பெருக்கல் குறி இருந்தால் அது பெற்றோரைச் சொல்கிறது. வளர்ப்போர் வழக்கத்தில் தாய் முதலில், மகரந்தம் தந்த தந்தை பிறகு. இரண்டு தூய இனங்களை நேரடியாகக் கலந்த முதல் தலைமுறை நாற்றுகள் ஒன்றுக்கொன்று ஓரளவு ஒத்திருக்கும். அப்படிப்பட்ட நாற்று வாங்குபவர் எதிர்பார்ப்பதற்கும் பெறுவதற்கும் இடையே இடைவெளி சிறியது. ஆனால் இன்று அரிய கலப்பினம் என்று விற்பவற்றில் பல, கலப்பினத்தைக் கலப்பினத்தோடு மறுபடியும் கலந்தவை. நான்கு தாத்தா பாட்டிகளும் வெவ்வேறு இனமாக இருக்கலாம். அந்தத் தலைமுறையில் குணங்கள் சிதறுகின்றன. ஒரே கதிரில் விளைந்த விதைகளில் ஒன்று தாத்தாவைப் போல், இன்னொன்று யாரையும் போலில்லாமல், பல சுமாராக, ஒன்றிரண்டு மட்டும் மூச்சை நிறுத்தும் அழகோடு வரும். விற்பனைப் படத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் தாய்ச் செடியின் இலை. பானையில் வருவது அதன் பிள்ளைகளில் ஒன்று.

நாற்றுப் பருவத்தில் எல்லா அந்தூரியமும் கிட்டத்தட்ட ஒரே முகத்தோடுதான் இருக்கும். சிறிய, முட்டை வடிவ, மங்கிய பச்சை இலைகள். நரம்பின் நிறம், இலைத்தளத்தின் மடல், வெல்வெட்டின் ஆழம் எல்லாம் இலைக்கு இலை படிப்படியாக வெளிப்படும். நல்ல கவனிப்பில் ஒரு செடி ஆண்டுக்கு நான்கைந்து இலைகள்தான் விடும். முழுக் குணம் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். இந்தக் காத்திருப்பு பாரமாகத் தோன்றுபவருக்கு நாற்று ஏற்றதல்ல. ஒவ்வொரு புதிய இலையும் முந்தியதைவிட ஒரு படி கூடுதலாக எதையாவது சொல்கிறதா என்று பார்ப்பதில் மகிழ்பவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. உலகில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு செடி உங்களிடம் வளர்வதும் நாற்றில் மட்டுமே நடக்கும்.

நாற்று வாங்குவதென்றால் ஒன்று வாங்காதீர்கள். ஒரே கலப்பின் மூன்று முதல் ஐந்து நாற்றுகளைச் சேர்த்து வாங்கி, வளரவிட்டு, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைமாற்றிவிடலாம். ஒற்றை நாற்று வாங்கியவருக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது. இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய வளர்ப்பாளர் ஒருவர் ஒரு கதிரில் நூறு நாற்று எழுப்பினால், விற்பனைக்கு முன்பே அவற்றில் சிறந்ததாகத் தெரிபவற்றைத் தனக்கென்று எடுத்து வைப்பது இயல்பு. அதில் தவறில்லை, உழைத்தவர் அவர். ஆனால் உங்கள் கைக்கு வருவது தேர்வு முடிந்த பிறகு மிஞ்சியதா, கலைக்கப்படாத தொகுப்பிலிருந்து எடுத்ததா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நேர்மையான வளர்ப்பாளர் சொல்லிவிடுவார்.

நாற்றின் பெற்றோர் பற்றிய விவரம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு அந்தூரியத்தின் பூக்கும் முறையே ஒரு துணை. இதன் கதிரில் பெண் பருவம் முதலில் வருகிறது. சூல்முடிகளில் பளபளக்கும் சிறு துளிகள் தெரியும் அந்தச் சில நாட்கள்தான் மகரந்தம் ஏற்கும் நேரம். அது முடிந்து, இடைவெளி விட்டுத்தான் அதே கதிர் தன் மகரந்தத்தைத் தூளாக வெளியே தள்ளும். ஆகவே ஒற்றைக் கதிர் தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்வது எளிதில் நடப்பதில்லை. வேறொரு கதிரின் மகரந்தத்தைத் தூரிகையால் சேகரித்து, தேவைப்பட்டால் உறைபெட்டியில் வைத்திருந்து, சரியான நாளில் தடவ வேண்டும். இதைச் செய்தவரிடம் எந்த நாளில் எதை எதோடு சேர்த்தார் என்ற குறிப்பு இருக்கும். கனி பழுக்கப் பல மாதங்கள் ஆகும். பழத்திலிருந்து பிதுக்கிய விதையைக் காயவிட்டால் செத்துப்போகும். உடனே ஈரமான ஸ்பாக்னம் பாசியில் (நீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு போன்ற பாசி) விதைக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டவருக்குத் தாய் தந்தை பெயர் மறந்துபோகாது. "ஏதோ ஒரு கறுப்பு வெல்வெட்டோடு கலந்தது" என்று பதில் வந்தால், அந்த நாற்றை அழகுக்காக வாங்கலாம். அரிய கலப்பினம் என்ற மதிப்புக்காக வாங்கக் கூடாது. உலர்ந்த விதைப் பொட்டலமாக அந்தூரியம் விதை விற்கப்பட்டால், அதை வாங்காமல் கடந்துவிடுங்கள்.

ஓரளவு வளர்ந்த நாற்றில் நீங்களே சரிபார்க்கக்கூடிய அடையாளங்களும் உண்டு. கிரிஸ்டலினத்தின் இலைக்காம்பு உருண்டையாக இருக்கும். மேக்னிஃபிகத்தின் காம்பில் சிறகு போன்ற விளிம்புகள் ஓடும். விரலால் உருட்டினால் கோணம் தட்டுப்படும். தூய கிரிஸ்டலினம் என்று சொல்லி விற்கப்படும் செடிகளில் கணிசமானவை இந்த இரண்டின் கலப்பு. காம்பைத் தொட்டுப் பார்த்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

திசு வளர்ப்புச் செடி

திசு வளர்ப்பில் ஒரு தாய்ச் செடியின் சிறு திசுவிலிருந்து ஆயிரக்கணக்கான பிரதிகள் எடுக்கிறார்கள். தேர்ந்தெடுத்த ஒரு சிறந்த கலப்பினச் செடி அப்படியே கிடைக்கிறது, அதுவும் குறைந்த விலையில். முழு வளர்ச்சியில் இலை எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்த ஒன்று. நாற்றின் நிச்சயமின்மை இங்கே இல்லை. நோய் பற்றிய கவலையும் குறைவு. 1980களில் ஹவாய்த் தீவுகளின் அந்தூரியப் பண்ணைகளைச் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவால் வரும் கருகல் நோய் சூறையாடியபோது, அங்கே மீண்டெழ உதவியவற்றில் நோயற்ற திசு வளர்ப்புச் செடிகளும் ஒன்று. பாதிக்கப்பட்ட செடியிலிருந்து வெட்டிய தண்டில் நோய் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்து வரலாம். முறையாகச் சோதித்த ஆய்வகக் குப்பியில் அதற்கு இடமில்லை.

அப்படியானால் எல்லோரும் இதையே வாங்கலாமே என்று தோன்றும். இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும்.

குப்பிக்குள் ஏறத்தாழ நூறு சதவீத ஈரப்பதத்தில், சர்க்கரை கலந்த கூழின் மேல் வளர்ந்த செடி இது. அதன் இலைக்கு மெழுகுப் படலம் மெல்லியது. இலைத்துளைகள் ஒழுங்காக மூடத் தெரியாதவை. வேர் இருந்தாலும் மண்ணைப் பார்த்ததில்லை. திடீரென்று அறைக் காற்றுக்கு வந்தால் ஒரே நாளில் துவண்டுவிடும். கூழைச் சுத்தமாகக் கழுவி, ஈரமான ஸ்பாக்னம் பாசியில் நட்டு, மூடிய பெட்டியில் வைத்து, சில வாரங்களில் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்க வேண்டும். பழைய இலைகள் பழகுவதில்லை. வெளியே பிறக்கும் புதிய இலைதான் வெளிக் காற்றுக்குத் தகுந்த தோலோடு வரும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது, குப்பியைவிட்டு வெளியே வந்த பிறகு எத்தனை இலை விட்டது என்பதுதான். இரண்டு இலைகளாவது வெளியே விட்டிருந்தால் அபாயக் கட்டம் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். ஒன்றும் விடவில்லை என்றால் உங்களிடம் மூடிய பெட்டியும் பொறுமையும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்று, பிரதி எப்போதும் முழுப் பிரதி அல்ல. பெருக்கத்துக்காகச் சேர்க்கும் ஹார்மோன்களும் மீண்டும் மீண்டும் பிரிப்பதும் சில செடிகளில் பிறழ்வை உண்டாக்குகின்றன. ஹார்மோனின் மிச்சத்தால் ஒரே பானையில் பல தளிர்கள் கொத்தாகக் கிளம்பி எதுவும் பெரிதாகாமல் நிற்பதும் உண்டு. அவற்றைப் பிரித்துத் தனித்தனியாக நட்டால் சரியாகும். வேரிகேட்டட் செடிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. வெள்ளையும் பச்சையும் கலந்த இலை பல செடிகளில் இரண்டு விதமான செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வாழ்வதால் வருகிறது. கைமெரா என்று தாவரவியலார் சொல்லும் இந்த அமைப்பு திசு வளர்ப்பில் கலைந்துபோக வாய்ப்பு அதிகம். பிங்க் பிரின்சஸ் என்ற பிலோடெண்ட்ரான் கலப்பினத்தின் திசு வளர்ப்புச் செடிகளில் சிலவற்றில் இளஞ்சிவப்பு அள்ளித் தெளித்ததாகவும், சிலவற்றில் ஒரு கீற்றுகூட இல்லாமலும் வருவது இதனால்தான். வேரிகேட்டட் அந்தூரியத்தைத் திசு வளர்ப்புச் செடியாக வாங்கும்போது அந்தக் குறிப்பிட்ட செடியின் இலைகளையே பார்த்து வாங்க வேண்டும். வகையின் படம் போதாது.

அரிதான தன்மை பற்றி ஒரு வார்த்தை. திசு வளர்ப்புக்குள் ஒரு வகை போய்விட்டால் அது அரிதாக நீடிப்பதில்லை. அலோகேசியா அமேசானிகா 1950களில் மியாமியில் உருவான கலப்பினம். இன்று உலகின் எந்த மூலையிலும் சாதாரணச் செடியாகக் கிடைக்கிறது. பிங்க் பிரின்சஸுக்கும் அண்மை ஆண்டுகளில் அதே கதை நடந்தது. அழகுக்காக வளர்ப்பவருக்கு இது நல்ல செய்தி. கொஞ்சம் பொறுத்தால் அதே இலை எளிதாகக் கைக்கு வரும். பின்னால் விற்று முதலை மீட்கலாம் என்று கணக்குப் போட்டு வாங்குபவருக்கு மட்டும் இது இடி. அந்தக் கணக்கோடு யாரும் இந்தச் செடிகளுக்குள் நுழையாமல் இருப்பதே நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தண்டுத் துண்டும் பிரித்தெடுத்த கன்றும்

அந்தூரியத்தின் தண்டில் ஒவ்வோர் இலைக்கும் ஒரு கணு, கணுவுக்கு ஓர் உறங்கும் மொட்டு. தாய்ச் செடி உயரமாக ஏறி, கீழே வெறும் தண்டு தெரியும்போது வளர்ப்பவர்கள் அதை வெட்டிப் பிரிக்கிறார்கள். இதில் மூன்று தரங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே பெயர் சொல்லி விற்பதுதான் குழப்பம்.

நுனித் துண்டில் வளரும் முனையும் சில இலைகளும் இருக்கும். அது வேர் பிடித்துவிட்டால் பெரிய இலையிலிருந்தே தொடரும், சற்றுச் சிறுத்தாலும் முதிர்ந்த வடிவம் மாறாது. நடுத் தண்டுத் துண்டில் இலை இல்லை; உறங்கும் மொட்டு விழித்து, சிறிய இலையில் தொடங்கி மேலேற வேண்டும். ஆனாலும் நாற்றைவிட வேகமாக முதிர்ந்த வடிவத்தை எட்டும். மூன்றாவது, தாயின் அடியில் தானாகக் கிளம்பி, சொந்த வேரோடு பிரித்தெடுத்த பக்கக்கன்று. என்னைக் கேட்டால் இதுதான் சந்தையில் கிடைக்கும் சிறந்த பொருள். தாயின் இலையை நேரில் அல்லது படத்தில் பார்க்க முடியும். அதே இலை உங்கள் செடியிலும் வரும். வேர் உண்டு. காற்றுக்குப் பழகிய இலை உண்டு. வேரிகேட்டட் செடியாக இருந்தாலும் கன்று எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியதோ அந்தப் பக்கத்தின் வண்ணம் அதன் இலையிலேயே தெரிந்துவிடும்.

வேர் இல்லாத நடுத் துண்டு விலையில் குறைவாக இருப்பது காரணத்தோடுதான். வேர் பிடிக்கும் வரை உள்ள அபாயம் முழுவதும் உங்களுடையதாகிறது. ஈரமான பாசியில் பாதி புதைத்து, 24 முதல் 28 டிகிரி வெப்பத்தில், மூடிய பெட்டியில் வைத்தால் சில வாரங்களில் வேரும் மொட்டும் அசையும். வெட்டு முனை அழுகாமல் இருக்க, நடுவதற்கு முன் நன்றாக உலர்ந்து தோல் கட்டியிருக்க வேண்டும். கணு இல்லாத வெறும் இலையும் காம்பும் தண்ணீரில் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கலாம், செடியாகாது. அதைத் துண்டு என்று சொல்லி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஒரு செடியின் சிறப்புப் பெயர் பற்றிய குழப்பமும் இங்கேதான் தெளிகிறது. ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதும் வகைப்பெயர், இத்தகைய செடிகளில், தேர்ந்தெடுத்த ஒரு தனிச் செடிக்கும் அதன் வெட்டுத் துண்டுகளுக்கும் பிரதிகளுக்கும் உரியது. ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ் என்ற கருமையான அந்தூரியத்தின் துண்டு அந்தப் பெயரில் வரலாம். அதன் விதையில் முளைத்த நாற்று அந்தப் பெயரில் வரக் கூடாது. அதன் பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால், விற்பனைப் பட்டியலில் உள்ள பல பெயர்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதிர்ந்த செடி

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கண்ணால் பார்ப்பதுதான் கிடைக்கிறது. இடமும் பணமும் உள்ளவருக்கு எளிய வழி. ஒன்று மட்டும் மனத்தில் இருக்கட்டும். பசுமைக் குடிலில் விரிந்த பெரிய இலை உங்கள் அறையில் நிலைத்திருப்பதற்கு உத்தரவாதம் இல்லை. இடம் மாறியதும் கீழ் இலைகள் மஞ்சளாகி விழும். அடுத்த இரண்டு மூன்று இலைகள் சிறியதாக வரும். செடி தன்னை உங்கள் அறைக்கு ஏற்ப அளந்துகொள்கிறது. சிறிய செடி உங்கள் இடத்திலேயே வளர்ந்து பெரிதானால் இந்தச் சரிவு வராது. வெளிநாட்டிலிருந்து மண் நீக்கி வேரோடு வரும் பெரிய செடிக்கு இந்தச் சரிவு இருமடங்கு. பயிர்நலச் சான்றிதழ் இல்லாமல் வருவதை விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம், உடன் வரும் பூச்சி மறுபுறம். காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடிகளும் இந்த வழியில்தான் கலந்து வருகின்றன. ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் வளரும் இனத்தை ஒருவரின் அலமாரிக்காகக் காலி செய்வதற்கு எந்த அழகும் ஈடாகாது. கலப்பினங்களை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அவை வளர்ப்பவர் கையில் பிறந்தவை. அவற்றுக்காகக் காட்டில் எதுவும் குறைவதில்லை.

திறந்த அறையா, கண்ணாடி அலமாரியா

எந்தச் செடி என்பதோடு பிணைந்த இன்னொரு முடிவு, அது எங்கே வாழப்போகிறது என்பது. ஓர் ஈரப்பதமானியை அறையில் வைத்து ஒரு வாரம் பாருங்கள். பகலிலும் 60 சதவீதத்துக்குக் கீழே அதிகம் இறங்கவில்லை என்றால், கிரிஸ்டலினம், மேக்னிஃபிகம் ரத்தம் ஓடும் கலப்பினங்கள் திறந்த அறையிலேயே நன்றாக வளரும். 40, 50 என்று நிற்கும் அறையில் இலைகள் காம்பு உறைக்குள் சிக்கிக் கிழிந்தே விரியும். அங்கே கண்ணாடி அலமாரி தேவை. வாரோக்வியானம் அல்லது பாப்பிலிலாமினம் அதிகம் கலந்த செடிகளுக்கு எந்த வீட்டிலும் அலமாரி நன்மை செய்யும்.

ஆனால் அலமாரிக்குள் காற்று நின்றுவிடக் கூடாது. சிறிய மின்விசிறி ஒன்று ஓயாமல் ஓட வேண்டும். வெல்வெட் இலையில் தேங்கும் நீர் கறையாகி, பிறகு பாக்டீரியாப் புள்ளியாகும். இலையின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை இந்தச் செடிகளிடம் விட்டுவிடுவதே நல்லது. காற்றில் ஈரம் வேண்டும், இலையில் அல்ல. இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும்: அலமாரியில் வளர்ந்த செடி ஒருநாள் அதன் கூரையை முட்டும். அப்போது வெளியே எடுத்தால், திசு வளர்ப்புச் செடிக்குச் செய்ததைப் போலவே மறுபடியும் பழக்கப்படுத்த வேண்டிவரும். முழு வளர்ச்சியில் ஒரு மீட்டர் இலை விடக்கூடிய கலப்பினத்தைச் சிறிய அலமாரியை நம்பி வாங்கக் கூடாது. ஃபோர்கெட்டியை கலந்தவை அடக்கமான உருவத்தோடு நிற்கும். அலமாரிக்கு அவை பொருத்தம்.

ஊடகம் பற்றிச் சுருக்கமாக. பெரிய துண்டு மரப்பட்டை, பெர்லைட், கரித்துண்டு, கொஞ்சம் பாசி கலந்த தளர்வான கலவை நீர் ஊற்ற மறக்காதவருக்கு ஏற்றது. இவற்றின் வேர் காற்றைத் தேடும் வேர், சேற்றில் மூச்சடைக்கும். சுட்ட களிமண் உருண்டைகளில் அடியில் நீர் நிறுத்தி வளர்ப்பது ஊருக்குப் போய்வருபவருக்கு உதவும். ஆனால் பட்டைக் கலவையில் வளர்ந்த வேர் களிமண் உருண்டைக்கு மாறும்போது பகுதி அழிந்து புதிதாக முளைக்கும். எனவே புதிதாக வாங்கிய அரிய செடியை வந்த வாரமே ஊடகம் மாற்றாதீர்கள். எதில் வந்ததோ அதிலேயே முதல் புதிய இலை விரியும் வரை இருக்கட்டும். பாசியில் நட்ட திசு வளர்ப்புச் செடிக்கும் இதே விதிதான்.

முடிவாக யார் எதை வாங்குவது

முதல் அரிய கலப்பினம் வாங்குபவருக்கு என் பரிந்துரை, தாய்ச் செடியின் படத்தோடு வரும் வேர்பிடித்த பக்கக்கன்று. மூன்று நான்கு இலைகள் உள்ளது போதும். அது கிடைக்கவில்லை என்றால் குப்பியைவிட்டு வெளியே வந்து பழகிய திசு வளர்ப்புச் செடி. ஏற்கெனவே இரண்டு மூன்று வெல்வெட் அந்தூரியங்களை இரண்டு ஆண்டுகளாவது நலமாக வைத்திருப்பவர் நாற்றுத் தொகுப்புக்குப் போகலாம். அவருடைய கண் இப்போது சிறு மாற்றங்களைப் படிக்கத் தெரிந்த கண். வேர் இல்லாத துண்டு, வெப்பமும் மூடிய பெட்டியும் தயாராக வைத்திருப்பவருக்கு மட்டும். முதிர்ந்த செடியை, அதன் எதிர்கால இலை எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அளந்து பார்த்தவர் வாங்கட்டும்.

குழந்தைகளோ நாய் பூனையோ உள்ள வீட்டில் இந்த முடிவுகளுக்கெல்லாம் முன்னால் இன்னொன்று வரும். அந்தூரியத்தின் எல்லாப் பாகங்களிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். எட்டாத உயரம் அல்லது மூடிய அலமாரி என்ற இரண்டில் ஒன்று அங்கே கட்டாயம். தண்டை வெட்டும்போது கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

எந்த வழியில் வந்த செடியாக இருந்தாலும் முதல் நான்கு வாரங்கள் மற்றச் செடிகளிடமிருந்து விலகி இருக்க வேண்டும். இலைப்பேன் இலையின் அடியில் நரம்போரம் ஒளிந்திருக்கும். அது சுரண்டிய இடத்தில் வெள்ளி நிறத் தழும்பும் கறுப்புப் புள்ளிகளும் தெரியும். வெல்வெட் இலையில் ஒருமுறை விழுந்த தழும்பு அந்த இலை உதிரும் வரை மாறாது. செஞ்சிலந்தி இருந்தால் வெல்வெட்டின் பளபளப்பு மங்கித் தூசி படிந்தாற்போல் தெரியும். வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பார்ப்பது போதும். பெற்றோர் பெயர், யாரிடமிருந்து வந்தது, எந்த வழியில் பெருக்கியது, வந்த தேதி ஆகிய நான்கையும் பானைச் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். மை மங்கிவிடும், பென்சில் நிற்கும். சீட்டுத் தொலைந்துபோகும் என்பதால் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். பின்னால் உங்கள் செடியின் கன்றை இன்னொருவர் கேட்கும்போது, அவர் கேட்கப்போகும் கேள்விகளும் இவைதான்.